ராமாத்தாள் சாப்பிட உட்கார்ந்தால்

ராமாத்தாள் சாப்பிட்டால் வடக்கே பனிமலை உச்சியில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு வயிறு நிறையும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற எல்லோருக்கும் இன்றைக்குத் தெரிந்த சங்கதிதான் இது. முட்டை விலை மாதிரி, கேட்டால் சொல்வார்கள். ராமாத்தாளுக்கே ரொம்ப நாள் தெரியாமல் போனதுதான் வயிற்றெரிச்சல். அவளுடைய ஒரே மகன் ஈஸ்வர், இருபத்துமூன்று வயசு, எல்லைச் சண்டையில் குண்டு பாய்ந்து செத்த நேரத்தில் இவள் வாழப்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது கரண்டிப் பாயசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரை. பட்டாளத்துக் கடுதாசியிலும் அதே ஒன்றரைதான் போட்டிருந்தது. அடப் பாவமே, அதோடு போயிற்று அவள் சோறு. கொடி போர்த்திய பெட்டி வந்தது, பதக்கம் வந்தது. வந்த அதிகாரிகளிடமெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம்பையன் சாப்ட்டுட்டுத்தான் போனானுங்களா?" ஒருவருக்கும் தெரியவில்லை. பெற்றவள் மூக்குமுட்டத் தின்றுகொண்டிருக்க, பிள்ளை பட்டினியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வேளைக்கு அரை டம்ளர் கஞ்சி. "ஏ அம்மிணி, இப்படியே இருந்தா ஒடம்பு என்னத்துக்காகறது?" என்று கணவர் கந்தவேல் கெஞ்சாத நாளில்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மூன்றாம் வருஷம் சித்திரையில், ஈஸ்வரோடு அதே முகாமில் இருந்த ஆத்தூர்க்காரன் நவீன்குமார் லீவில் வந்தான். செருப்பைக் கழற்றுமுன்னே கேட்டான்: "அம்மா, நீங்க ஏன் சாப்பிடறதில்ல? ரெண்டு வருஷமா அங்க எங்க எல்லாருக்கும் பசி." ரேஷன் மூட்டை மூட்டையாக வருகிறதாம், தின்கிறார்களாம், அடங்குவதில்லையாம். ஈஸ்வர் இருந்தவரைக்கும் பனியில் லாரி மாட்டிக்கொண்டால்கூடக் கவலையில்லை. மத்தியானம் ஆனதும் "எங்கம்மா சாப்புட உக்காந்துட்டாங்க" என்று அவன் சப்பணம் போடுவான். எல்லோர் வாயிலும் அரிசிம்பருப்புச் சோறு மணக்கும், ஏப்பம் வரும்.

ராமாத்தாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அவன் போன அன்னைக்கு?"

"அன்னைக்கு மூணு நாளா லாரி வரலம்மா. ஒன்றரை மணி இருக்கும். 'பாயசம்டா, மூணாவது கரண்டி'ன்னு சிரிச்சான். ஒதட்ட நக்கிக்கிட்டே இருந்தான். அப்பத்தான் குண்டு வந்துச்சு."

அவள் அழுத அழுகையில் அவர்கள் பண்ணையில் இருந்த ஆறாயிரம் கோழியும் வாயடைத்துப் போயின. அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா இன்னொரு கரண்டி வாங்கியிருப்பனே சாமி" என்றாள். பிறகு நவீன்குமாருக்கு இலை போட்டாள், தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

இப்போது மூன்று வேளையும் வஞ்சகமில்லாமல் சாப்பிடுகிறாள். முகாமுக்குப் புது ஆள் வந்தால் பேரும் ஊரும் அவளுக்கு எழுதிப் போடுகிறார்கள். போன தை மாசம் ஆந்திராக்காரப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். ராமாத்தாள் குழம்பில் காரத்தைக் கூட்டிவிட்டாள். கந்தவேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிடுகிறார்.