மவுஸ் பிடித்த கை

சுகன்யாவுக்கு வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகத் தொடங்கியது தை மாதத்தில். முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழம்பு ஊற்றும்போது கரண்டி நழுவியது. ஜாக்கெட் கொக்கி மாட்ட நேரமானது. ஒருநாள் காலை காபி டம்ளரைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். கணவன் ஜெயச்சந்திரன், "ஏய், கை செவந்து போச்சு பாரு" என்று கத்திய பிறகுதான் அது எவ்வளவு சூடு என்று தெரிந்து கீழே வைத்தாள்.

டாக்டரிடம் போகவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, கார்த்திகையில், தங்கை தேவிப்ரியா இறந்துபோயிருந்தாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இருபத்தேழு வயது. வீடே அழுதது. சுகன்யா மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்குச் சேர் எடுத்துப் போட்டாள், ஐஸ் பெட்டிக்காரனுக்கு வழி சொன்னாள், காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தது. பிறகு விரல்களும் மரத்தபோது, அந்த ஒன்றுமில்லாததுதான் மெல்ல இறங்கிக் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்குச் சரியாகவும் பட்டது. அதற்குப் போய் என்ன மருந்து கேட்பது?

பதினோரு வருடமாக அவள் ஆரணியில் அபிநந்தன் நடத்தும் டிசைன் சென்டரில் இருக்கிறாள். பட்டுச் சேலையின் பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போடுகிற வேலை. தறியில் ஒரு இழை ஏறுவதா இறங்குவதா என்பதை ஒவ்வொரு கட்டமும் சொல்லும். முடிந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறிக்கு மேலே மாட்டியிருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு அதைப் படித்து இழைகளைத் தூக்கும். ஒரு முந்திக்குப் பல ஆயிரம் கட்டங்கள். எல்லாம் மவுஸில்தான்.

பக்கத்து நாற்காலியில் ராதிகா. சுகன்யாவைவிடப் பத்து வயது மூத்தவள். இருபது வருடம் ஜக்கார்டுக்கு டிசைன்படி அட்டையில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தவளை, அட்டை வேலை நின்றதும் அபிநந்தன் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். டிசைன் அவளுக்கு மனப்பாடம், சாஃப்ட்வேர்தான் புதிது.

"அக்கா, வட்டம் ஸ்க்ரீன்ல அழகா இருக்குதுன்னு நம்பிடாதீங்க" என்பாள் சுகன்யா. "நீளவாக்குல ஓடுற பாவும் குறுக்க போற ஊடையும் ஒரே அளவு கெடையாது. தறியில முட்டையா வந்து நிக்கும். இன்ச்சுக்கு எத்தினி பாவு, எத்தினி ஊடைன்னு மொதல்ல போட்டுட்டு அப்புறம் வரையுங்க."

"அட்டையில இந்தப் பேஜாரெல்லாம் இல்ல."

"அப்புறம் அந்த வழவழ பிரஷ்ஷ எடுக்காதீங்க. ஓரத்துல நாம கேக்காத கலரெல்லாம் கொண்டாந்துடும். பென்சில்தான். மயிலும் பாதி போட்டாப் போதும், மீதிய மிரர் பண்ணிக்கலாம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணயொண்ணு பாத்துகினே கெடக்கும்."

"கெடக்கட்டும். கல்யாணப் பொடவதானே."

இதையெல்லாம் அவள் ஒரே குரலில் சொல்வாள். ராதிகா சிரித்தால் அவளும் உதட்டை இழுப்பாள்.

கை மரத்தது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். முடிந்ததையெல்லாம் இடது கையின் கீபோர்டு ஷார்ட்கட்டுக்கு மாற்றினாள். காப்பி, பேஸ்ட், திருப்பு, கவிழ், பெரிதாக்கு, எதற்கும் மவுஸைத் தொடுவதில்லை. சேலையின் பின்பக்கம் ஜரிகை இழை நீளமாக ஓடினால் தொங்கும்; அதை அங்கங்கே ஒரு புள்ளி வைத்துக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொன்றாக வைப்பாள். இப்போது எட்டுக்கு எட்டு கட்டத்தில் புள்ளி வைத்த ஒரு துண்டு செய்துகொண்டு இடம் முழுவதும் நிரப்பினாள். வேலை முன்பைவிட ஜல்தியாக நடந்தது. அபிநந்தன்கூடப் பாராட்டினார். ஆனால் மவுஸ் பட்டனை அழுத்தினோமா இல்லையா என்பது விரலுக்குத் தெரியவில்லை. ஸ்க்ரீனில் அம்பு என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஸ்கூட்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டாள். ரிப்பேர் என்று சொல்லி பஸ்ஸில் வந்தாள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் முள்ளிப்பட்டிலிருந்து தனசேகரன் போன் செய்தார். அபிநந்தன் கொடுக்கும் டிசைன்களை வீட்டுத் தறியில் நெய்கிறவர்.

"சுகன்யா, தாமரை முந்தி போட்டுகினு கீறேன். பின்னால ஜரிகை தொங்குது மா. ஒரு எடத்துல இல்ல, வழி நெடுக தொங்குது."

"எவ்ளோ ஆச்சிண்ணா?"

"முந்தி முடிஞ்சே போச்சி. இப்பத்தான் அடியில கை வுட்டுப் பாத்தேன்."

போனை வைத்தாள். பதினோரு வருடத்தில் அவள் ஃபைலில் இப்படி வந்ததில்லை. பயமோ பதற்றமோ வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. ராதிகாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அபிநந்தன் வேலூர் போயிருந்தார். ராதிகா தன் வண்டியை எடுத்தாள்.

தனசேகரன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து இடம் விட்டார். மாம்பழ நிறப் பட்டில் தாமரைக்குளம் மேலே பளபளவென்று இருந்தது.

"மேல ஒண்ணும் தெரியாது. அடியில கைய வுட்டுப் பாரு."

சுகன்யா குனிந்து வலது கையைத் துணிக்கு அடியில் விட்டாள். இடமிருந்து வலமாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"எங்கண்ணா? ஒண்ணும் இல்லியே."

"நல்லாப் பாரு மா. அந்தப் பூவுக்கு நேர் கீழ."

"இல்லண்ணா."

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ராதிகா அவள் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்தாள். "இழுக்காத, நில்லு!"

தொங்கிய ஜரிகை அவள் சுட்டுவிரல் நகத்திலும் மோதிரத்திலும் மாட்டி, நான்கைந்து இழை சதையை அறுக்கிற மாதிரி இறுகியிருந்தது. துணி கீழ்ப்பக்கம் சுருங்கிவிட்டது. ராதிகா ஒவ்வொன்றாக விடுவித்தாள். விரலில் சிவப்பாக மூன்று கோடுகள். ஒன்றில் ரத்தம் கசிந்தது.

"இது உனுக்குத் தெரியல?" என்றாள் ராதிகா.

"தெரியலக்கா."

"எத்தினி நாளா?"

"அஞ்சாறு மாசமா."

தனசேகரன் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார்.

"யார்கிட்டயும் சொல்லலியா? வூட்ல?"

"என்னன்னு சொல்றது? தேவி போனதுலேர்ந்து எனக்கு எதுவுமே தெரியலக்கா. அழுகை தெரியல, பசி தெரியல. கையும் அப்படி ஆயிடுச்சின்னு வுட்டுட்டேன்."

ராதிகா அவளைப் பார்த்தாள். முந்தானையால் அந்த விரலைத் துடைத்துவிட்டாள்.

ஆபீஸுக்குத் திரும்பி ஃபைலைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. கட்டும் புள்ளிகளைத் தனி லேயரில் வைத்திருந்தாள். ஜரிகை எங்கே தொங்கும் என்று சாஃப்ட்வேரே சோதித்துச் சொல்லும், அதையும் செய்திருந்தாள். சோதனைக்குப் பிறகு ஓரத்தில் ஒரு தூசுப் புள்ளியை அழித்திருக்கிறாள். அழித்த பிறகும் விரல் பட்டன்மேலேயே அழுந்திக் கிடந்திருக்கிறது. மவுஸை மேல்மூலைக்கு நகர்த்திய வழியெல்லாம் அந்த லேயரின் புள்ளிகள் மட்டும் அழிந்து, வயலில் மாடு நடந்த தடம் போல ஒரு பாதை விழுந்திருந்தது. முழு முந்தியையும் சிறிதாக்கிப் பார்த்தால் ஒற்றைப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப் பார்த்துவிட்டுத்தான் சேவ் செய்திருக்கிறாள்.

மறுநாள் அபிநந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கை உட்பட. அவர் கோபப்பட்டார். "சோதனை பண்ணிட்டா அப்புறம் ஃபைலத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சுகன்யா எல்லாருக்கும் சொல்வீங்க?" என்றார். பிறகு அவள் விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பொடவைய நான் பாத்துக்கறேன். பின்னாடி நெட் வெச்சித் தெச்சிடலாம், பார்ட்டிகிட்ட உள்ளதச் சொல்லிடறேன். நீங்க மொதல்ல வேலூர் போங்க."

வேலூரில் டாக்டரம்மா அவள் மணிக்கட்டில் விரலால் தட்டினார். விரல் நுனி வரை கரண்ட் அடித்தது போல ஓடியது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கம்ப்யூட்டர்ல டிசைன். மவுஸ் வேலை."

"மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. ரொம்ப நாள் விட்டுட்டீங்க. சின்ன ஆபரேஷன், பண்ணிட்டா பெரும்பாலும் சரியாயிடும்."

சுகன்யா தயங்கிக் கேட்டாள். "மேடம், எங்க தங்கச்சி இறந்துட்டா. அதனால வந்தது இல்லியா?"

"இல்லம்மா. அது வேற, இது வேற."

வெளியே மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அவளுக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது. இரண்டும் ஒன்று என்று இருந்தவரை தேவிக்காகத் தன்னிடம் ஏதோ ஒன்றாவது நடந்திருக்கிறது என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வெறும் நரம்பு. கூட வந்த ஜெயச்சந்திரன், "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் கோபம் வந்தது என்பதை அவள் கவனித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

ஆபரேஷன் முடிந்து கட்டோடு ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். பிறகு ஆபீஸுக்கு வந்து ராதிகா பக்கத்தில் உட்கார்ந்தாள். மவுஸ் ராதிகாவுக்கு, கீபோர்டு சுகன்யாவின் இடது கைக்கு. "பெருசாக்கறேன், நீங்க பூ நடுவுல வெச்சிக்கோங்க… இப்ப அழுத்துங்க… வுட்டுடுங்க." இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் வேலை செய்தார்கள். தாமரை முந்தியைச் சரிசெய்து புதிய ஃபைலாக அனுப்பினார்கள். தனசேகரன் அடுத்த சேலையை அதில் நெய்தார்.

தையல் பிரித்த மூன்றாவது வாரம் உணர்ச்சி திரும்பியது, முதலில் எரிச்சலாக. கட்டைவிரல், பிறகு சுட்டுவிரல். ஈரத்துணியைப் பிழிந்தால் ஈரம் தெரிந்தது. நடுவிரல் நுனி மட்டும் இன்னும் அரைகுறைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் கலசப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினாள். தேவிப்ரியா வாழ்ந்த வீடு அங்கே. காரியத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. போய் ஒன்றும் தோன்றாமல் நின்றுவிடுவோமோ என்றுதான் போகவில்லை.

தேவியின் மாமியார் முனியம்மா கதவைத் திறந்தாள். "வா மா" என்று வழி விட்டாள். தேவியின் மகள் ஹேமா தரையில் உட்கார்ந்து அரிசியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வயது முடிந்திருந்தது. பெரியம்மாவை அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மணிக்கட்டுத் தழும்பைக் காட்டி, "இன்னாது?" என்றாள்.

"வெட்டித் தெச்சாங்க."

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

குழந்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அரிசிக்குப் போய்விட்டது. சுகன்யா மத்தியானம் அங்கேயே சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது, அதையும் பார்த்தாள். அழுகை வரவில்லை. கிளம்பும்போது முனியம்மா, "அடிக்கடி வா. கொயந்த பழகிக்கும்" என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். ஒன்றும் தோன்றத்தான் இல்லை. ஆனாலும் போனாள்.