சத்தமில்லாத விமானம்

"நாளைக்கே வீட்டுக்கு வந்து விண்டோஸ் போட்டுத் தரேண்ணே. ஒரு மத்தியானத்து வேல. எதுக்கு இதக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"

சோமசுந்தரம் மேசைக்கு முன்னால் குறுந்தட்டோடு நின்றான். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சரக்கு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். பக்கிரிசாமி தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இருக்கட்டும்லா. இதுவே பழகிருச்சு" என்றான்.

பழகவில்லை. 1999 ஏப்ரலில் வந்த வைரஸ் அவன் வீட்டுக் கணினியை மொத்தமாகத் துடைத்துவிட்டது. சோமசுந்தரம்தான் ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸைப் போட்டு உயிர் கொடுத்தான். கடிதம் அடிக்கலாம், இணையத்துக்குப் போகலாம். ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய விமானம் ஓட்டும் விளையாட்டு விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

பக்கிரிசாமிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தான். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவன் குரலைக் கேட்பதற்கு ஆளில்லை. தொலைபேசியில் தங்கை இந்திரா கூப்பிட்டால் உண்டு. வைரஸ் வருவதற்கு முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கிவந்த மீகோரெங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, திரையில் சுபாங் விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன விமானத்தைக் கிளப்புவான். எங்கும் போகமாட்டான். தரையிறக்கவும் தெரியாது. மேலே போய்ச் சும்மா இருப்பான். கீழே தட்டையான பச்சை, பக்கத்தில் கடல் என்று ஒரு நீலம். இயந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும். அறையில் இன்னொருவர் மூச்சுவிடுவதுபோல அது அவனுக்குத் துணையாக இருந்தது.

லினக்ஸ் பயனர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் தன் பிரச்சினையை எழுதிப் போட்டான். விண்டோஸையே திரும்பப் போடு என்று சிலர் பதில் எழுதினார்கள். ஒருவர் கேலி செய்தார். லெட்சுமி என்று கையெழுத்திட்டிருந்த ஒரு பதில் மட்டும், 'திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே அடித்து அனுப்புங்கள்' என்றது.

அப்படித்தான் ஆரம்பித்தது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்க வைன் என்றொரு நிரல் இருந்தது. லெட்சுமி அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாள். இந்தக் கோப்பை அங்கே நகலெடுங்கள், அந்த வரியை மாற்றுங்கள். அவன் அவற்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்தான். பார்க்க வந்த இந்திரா, "என்னாண்ணே, எல்லா தாள்லயும் வைன் வைன்னு இருக்கு? குடிக்கப் பழகிட்டியா?" என்று கண்கலங்கிவிட்டாள். அவளுக்கு விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அன்றைக்கு நடந்ததை அவன் லெட்சுமிக்கு எழுதினான். அதுவரை ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டிருந்தவள் முதல்முறையாகத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்: 'ரொம்ப நாள் கழிச்சி சிரிச்சேன்.'

முதலில் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு விமானியின் இருக்கைக்கு முன்னாலிருக்கும் வட்ட அளவுமானிகள் தெரிந்தன. பிறகு முட்கள் அசைந்தன. ஒரு சாயங்காலம் ஓடுபாதையே வந்து நின்றது. ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. ஊமைப்படம்போல விமானம் எழுந்து பறந்தது.

ஒவ்வொரு பதிலோடும் கொஞ்சம் வேறு செய்தியும் வரும். செலாயாங்கில் இடியோடு மழை, தொலைபேசி லைன் அறுந்துவிட்டது. அப்பாவுக்கு ஊட்டிவிட்டு வருகிறேன். சுபாங் ஜெயாவில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவள், அப்பா பக்கவாதத்தில் விழுந்தபிறகு வீட்டோடு இருப்பதாக எழுதியிருந்தாள். வேறு யாரைப் பற்றியும் எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை.

சோமசுந்தரம் குறுந்தட்டோடு வந்து நின்றது இந்தச் சமயத்தில்தான். அதே வாரத்தில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. 'எழுதிப் புரியவைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொண்டுவர முடியுமா?' கீழே முகவரி.

பக்கிரிசாமி முடிவெட்டிக்கொண்டான். கணினிப் பெட்டியைக் காரின் முன்னிருக்கையில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டான். செலாயாங் மொத்த விற்பனைச் சந்தையைத் தாண்டி ஒரு வரிசை வீடு. கதவைத் திறந்தவளுக்கு அவன் வயதுதான் இருக்கும். மெலிந்த முகம். அள்ளி முடிந்த கூந்தலில் நரை ஓடியிருந்தது. எங்கே 'வாங்கண்ணே' என்று சொல்லிவிடுவாளோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தான். அவள் "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கூடத்துக் கட்டிலில் அவள் அப்பா நாகையா படுத்திருந்தார். ஒருகாலத்தில் சந்தைக்கு லோரி ஓட்டியவர்.

"யாரும்மா?"

"கம்ப்யூட்டர் கொண்டாந்திருக்காங்கப்பா."

"ரிப்பேர்காரனா? நல்லா பாத்துச் செய்யி தம்பி. போன தடவ டிவிக்கு வந்தவன் ஏமாத்திட்டுப் போயிட்டான்."

"சரிங்க அங்கிள்" என்றான் பக்கிரிசாமி. லெட்சுமி குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவள் அறையில் மேசைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் தட்டச்சு செய்யும் வேகத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கலந்து வைத்த மைலோ ஆறி ஆடை கட்டியது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "விண்டோஸ் போட்டிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும். ஏன் போடல?"

"ஆபீஸ்ல ஒரு தம்பி போட்டுத் தரேன்னுதான் சொன்னான்."

"அப்புறம்?"

"வேணான்னுட்டேன்."

அவள் விரல்கள் நின்றன. "மொத பதில்ல நானும் அதத்தான் எழுதுனேன், விண்டோஸ் போட்டுக்குங்கன்னு. அனுப்புறதுக்கு முன்னாடி அழிச்சிட்டேன்."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் அவள் ஒரு விசையைத் தட்ட, ஒலிபெருக்கியிலிருந்து இயந்திரம் பெருங்குரலில் உறுமியது. இருவரும் திடுக்கிட்டார்கள்.

"என்னாம்மா சத்தம்? வாசல்ல லோரியா?" என்றார் நாகையா கூடத்திலிருந்து.

"ப்ளேன்பா!" என்று கத்தினாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பிறகு அவள் ஒலியைக் குறைத்தாள்.

"போறதுக்குள்ள முடிச்சிடணும்னுதான் வரச் சொன்னேன். அடுத்த மாசம் அண்ணன் எங்கள ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போறாரு. ஸ்கூடாய்ல வீடு. இந்த வீட்ட விக்கிறாங்க."

"அங்க இன்டர்நெட் லைன் எடுப்பீங்களா?"

"அண்ணன் வீடு. கேட்டுத்தான் பாக்கணும்." அவள் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். தேவைக்கு அதிகமாகவே முடிச்சுகள் போட்டாள். கூடத்திலிருந்து "லெச்சுமி, திருப்பிப் படுக்க வையும்மா" என்று குரல் வந்தது. அவள் போனாள். வரும்வரை அவன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். அவள் திரும்பி வந்து அவனுக்காக வாசற்கதவைத் திறந்து பிடித்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.

கிள்ளானுக்கு வந்து கணினியை இணைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக ஓடியது. எழுதிக் கேட்கலாம் என்று ஏதாவது கோளாறைத் தேடினான். ஒன்றுகூட இல்லை. 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதினான். 'சந்தோஷம்' என்று பதில் வந்தது. அதன்பிறகு, சாமான்களை லோரியில் ஏற்றுகிறார்கள் என்று ஒரு வரி. பிறகு ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் இணையத்துக்குப் போய்ப் பார்ப்பான். புதிய கடிதம் இல்லை.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாட்டைத் திறந்தான். விமான நிலையங்களின் பெயர்களில் ஸ்கூடாய்க்குப் பக்கத்திலிருந்தது செனாய். சுபாங்கிலிருந்து எழுந்து முதல்முறையாக விமானத்தின் மூக்கைத் தெற்கே திருப்பினான். கடல் வலதுபுறமாகவே கூட வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூத்திரம் முட்டியும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்துச் சாம்பல்நிறக் கோடாக ஓடுபாதை தெரிந்தபோது விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினான். விமானம் தரையில் மோதித் துள்ளியது, மறுபடி துள்ளியது, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்வெளியில் சரிந்து நின்றது. உடையவில்லை.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். எங்கும் பச்சை. வீடில்லை, மரமில்லை, ஆளில்லை. இயந்திரத்தை நிறுத்தலாமா என்று யோசித்து, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். புல்வெளி நடுவே உந்துவிசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.