இரண்டு விசில்

என் மகன் நல்லவன்தான். அதுதான் பிரச்சினையே. குளியலறை வாசலில் கிடந்த கால்மிதி வழுக்கி நான் விழுந்த நாளிலிருந்து என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான். "உக்காரும்மா, நான் எடுத்துத் தரேன்." தண்ணீர் எடுக்கப் போனால் உக்காரு. ஜன்னலைத் திறக்கப் போனால் உக்காரு. ஓடுகிற பஸ்ஸில் காலமெல்லாம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவள் நான். என்னைப் பார்த்து உக்காருவாம்!

உட்கார்ந்து உட்கார்ந்து, கால் என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை போட்டால், எழுந்ததும் தலை கிறுகிறுக்கிறது. மாடிப்படிக்கு ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை. இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். பயம்தான் பொல்லாதது. விழுந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம், என்னைவிட அவனுக்கு.

எதிர் வீட்டு மாடியில் என் அக்கா, இந்த வீட்டு மாடியில் நான். நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான். அவளுக்கு முட்டி, எனக்கு இடுப்பு. ஜன்னலுக்கு ஜன்னல் கத்திப் பேசிக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று!

"நான் கீழ எறங்கி வந்து ரெண்டு விசில் அடிக்கிறேன். நீயும் மெதுவா எறங்கி வா," என்றேன் ஒருநாள். பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அந்தப் பழைய விசில் இன்னும் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

"நீ விசிலடிச்சு நான் கெளம்பணுமா? எல்லாம் என் தலையெழுத்து!" என்றாள். ஆனால் மறுநாளே தலை வாரி, பவுடர் பூசி, ஜன்னலில் தயாராக நின்றாள்.

மகன் வேலைக்குப் போனதும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து பழகினேன். ஒருநாள் வாசல் தாண்டிப் படிவரைக்கும் வந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து, எதையோ மறந்து வைத்தவன் திரும்பி வந்தான். படி விளிம்பில் என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப் போனது.

"மறுபடி விழுந்துட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று அழுதான். அடுத்த நாளிலிருந்து கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனான். அவன் திட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அழுகிற பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது?

தினமும் ஜன்னலில் நின்று ஒரே ஒரு விசில் அடித்தேன். இன்றைக்கு இல்லை, நில்.

"என்னடி கண்டக்டரம்மா, வண்டி ரிப்பேரா?" என்று அக்கா சிரிப்பாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அவசரமில்லடி. நான் எங்க போயிடப் போறேன்?"

போய்விட்டாள். தூக்கத்திலேயே.

அன்று கதவு திறந்தது. மகனும் அக்காவின் மருமகனும் என்னை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். இத்தனை நாள் என்னால் இறங்க முடியாத படி, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எதிர்ப் படியில் அக்காவையும் தூக்கி வந்தார்கள். சொன்னபடியே இருவரும் தெருவுக்கு வந்துவிட்டோம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. முகத்துக்கு யாரும் பவுடர் போட்டுவிடவில்லை, பாவிகள். அவளை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். நான் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தேன்.

"உக்காரும்மா, விழுந்துடுவ!" மகன் ஓடி வந்தான்.

"விடுடா. என் அக்காவ நான் நின்னுதான் அனுப்புவேன்."

ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றேன். டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் செருகியிருந்த விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினேன்.

வண்டி கிளம்பியது.