காப்புக் கட்டின மரம்

1951ஆம் வருஷம் தை மாதம் காசிமேட்டுக் கரையில் கிடந்த ஒரு மரத்தின்மேல் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு முழம் தள்ளிப் பக்கத்துக் குடிசைக் குப்பம்மா காயப்போட்டிருந்த கருவாட்டின்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் அங்கம்மாவின் புருஷன் தேசப்பனுடையது. போன புயலில் சொந்தக் கட்டுமரம் சிதறிப்போய், அவன் கண்டவன் கட்டுமரத்தில் கூலிக்குத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான். அங்கம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்துத்தான் மேற்கு மலையிலிருந்து கூட்ஸ் வண்டியில் மரவாடிக்கு வந்த அந்த மரத்தை வாங்கினார்கள். மலை மழையும் கூடவே வந்துவிட்டது. அதற்குத் தனியாக யாரும் விலை கேட்கவில்லை.

தேசப்பன் கோடாலியை ஓங்கி ஒரு போடு போட்டதும், உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். மரத்தில் ஒரு பொந்து, அதன் வாய் மண்ணால் பூசி அடைக்கப்பட்டிருந்தது. நடுவே ஒரு கீறல், அதில் மஞ்சள் அலகின் நுனி. மறுநாள் விடிந்ததும் ரயில் மூச்சு விடுகிற சத்தத்தோடு மேற்கேயிருந்து ஒரு பெரிய பறவை வந்து, கீறல் வழியாக அத்திப்பழம் ஊட்டிவிட்டுத் திரும்பிப் போனது. தினமும் வந்தது. அவ்வளவு தூரம் எப்படி வருகிறது என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மாசி பிறந்ததும், மரத்தைத் தேடிக்கொண்டு நீலமேகம் என்கிற வனக்காவலர் வந்து சேர்ந்தார். உள்ளே அடைந்திருப்பது பெண் இருவாச்சி, குஞ்சு பெரிதாகும்வரை ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும், அது வராவிட்டால் உள்ளே பட்டினிதான் என்றார்.

"இதுவும் நம்ம பொழப்பாட்டமே கீது" என்றாள் அங்கம்மா. அவளுடைய அப்பன் கடலுக்குப் போனவன் போனவன்தான்.

"இது காப்புக்காட்டு மரம்மா. யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் நீலமேகம்.

"காப்புக் கட்ன மரமா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று அங்கம்மா உள்ளே ஓடி, மஞ்சள் கயிறும் வேப்பிலையும் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

அம்மனுக்குக் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் குப்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடாலி வீட்டுக்குள் போனது. குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட மரத்தருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். காப்புக்காடு என்றால் சர்க்கார் காடு என்று விளக்க வாயைத் திறந்த நீலமேகம், சுற்றிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சட்டமும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு மலையில் அவரால் நடத்த முடியாத காரியம் அது. மரத்தைத் திரும்பக் கேட்கவில்லை. போகும்போது ஒரு பை நிறைய மஞ்சள் கயிறு வாங்கிக்கொண்டு போனார்.

தேசப்பன்தான் பொருமினான். "பட்சி குடும்பம் நடத்துது, நான் கூலிக்குப் போய்கினு கீறேன். நல்லா கீது நாயம்!"

பங்குனியில் ஒரு நாள் ஆண் பறவை வரவில்லை. கடலையே பார்த்துப் பழகிய குப்பம் அன்று கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்துக்கொண்டு நின்றது. அங்கம்மா ஊட்டிய மீனைத் தாய் வெளியே துப்பியது. பொழுது சாயும் நேரத்தில் இறக்கை பிய்ந்து, அலகில் ஒரே ஒரு பழத்தோடு அது வந்து இறங்கியபோது முதலில் அழுதவன் தேசப்பன். கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டான்.

சித்திரையில் மண்சுவர் உடைந்து, மூன்றும் மேற்கே பறந்துபோயின. அங்கம்மா காப்பை அவிழ்த்தாள். தேசப்பன் கோடாலியை எடுத்தான், பொந்தைத் தடவிப் பார்த்தான், கீழே வைத்துவிட்டான். செதுக்காமல் அப்படியே அதை நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் உடைந்த பழைய மரங்களைச் சேர்த்துக் கட்டினான். அந்தக் கோணல் கட்டுமரத்தைப் பார்த்துக் கரையே சிரித்தது. மழை மட்டும் சிரிக்காமல் அதோடு கடலுக்குப் போனது. ஒவ்வொரு தையிலும் கட்டை அவிழ்த்து நடுமரத்தைக் கரையேற்றுவான். பறவைகள் வந்துவிடும், அங்கம்மா காப்புக் கட்டுவாள். சித்திரை வரைக்கும் அவனுக்கு மறுபடி கூலிதான், ஆனால் ஒரு வார்த்தை முனகமாட்டான்.

மற்ற மாதங்களில் குப்பத்துப் பெண்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, வருவது யாருடைய கட்டுமரம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கம்மா அப்படி நிற்பதை விட்டுவிட்டாள். தூரத்துக் கடலில் பாய் அகலத்துக்கு ஒரு மழை தெரிந்ததும், "எங்க வூட்டு மழ வருது" என்று சொல்லிவிட்டு, உலை வைக்க உள்ளே போவாள்.