எட்டாவது வெள்ளைக் கையுறை

தம்பி லாக்கப்பில் கிடக்கும்போது ஜட்ஜுக்குக் கையுறை தைத்துக் கொடு என்றால் எந்த அக்காளுக்குக் கை ஓடும்? ஷெரீப் ஆபீஸ் குமாஸ்தா ஜெத்ரோவுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. லெய்சாவின் கடை மேசையில் வெள்ளாட்டுக்குட்டித் தோலை விரித்துவிட்டு, தொப்பியிலிருந்த மழைத்தண்ணீரை அதன் மேலேயே சொட்டவிட்டுக்கொண்டு நின்றான்.

"திங்கக்கிழமை ஜட்ஜ் வர்றார். விசாரிக்க ஒரு கைதியும் இல்லேன்னா வெள்ளைக் கையுறை கொடுத்தாகணும். உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? வழக்கே இல்லாத மாவட்டம் என்பதற்கு அதுதானே அடையாளம். வெல்ஷ் மலைநாட்டு மாவட்டமான லான்வெரன் தொடர்ந்து ஏழு செஷன்ஸுக்குக் கொடுத்திருந்தது. ஏழு ஜோடியும் லெய்சா தைத்தவை. ஊராருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. சந்தையில் வெளிமாவட்டத்துக்காரன் அகப்பட்டால், கையுறைக் கதை கேட்காமல் தப்பிக்க முடியாது.

"ஒரு கைதி இருக்கானே, என் தம்பி," என்றாள்.

"வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் அவனை விட்டுட்டா கையுறை உண்டு. செஷன்ஸுக்கு அனுப்பிட்டா எல்லாம் போச்சு. எட்டாவது தடவை, லெய்சா. உன் தம்பி வந்து குட்டையைக் குழப்பிட்டான்."

தம்பி இத்தெல் அப்படி என்ன செய்துவிட்டான்? மகாராணியின் பொன்விழா வருஷம் அது. இங்கிலாந்து சபைக்கு விளைச்சலில் பத்தில் ஒன்றை நாங்கள் எதற்குத் தசமபாகமாகக் கட்டவேண்டும், எங்களுக்கு எங்கள் சபை இருக்கிறது என்று மலை முழுக்கக் குடியானவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒரு விதவையின் பசுவை ஜப்தி செய்ய அமீனா வந்தான். ஊரே கொம்பு ஊதி, தகரம் தட்டி எதிரே நின்றது. இத்தெல் ஒரு அழுகிய முட்டையை எறிந்தான். அவன் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அமீனாவின் நெற்றியைப் பிளந்தது கல். எறிந்தவன் இத்தெல்தான் என்று அமீனா அடித்துச் சொன்னான். செஷன்ஸுக்குப் போனால் ஒரு வருஷமாவது ஜெயிலில் கல்லுடைக்க வேண்டும்.

அன்று இத்தெலை ஒட்டி நின்றவர் ஒரே ஒருவர், மெய்ரிக் மூப்பர். நாற்பது வருஷமாகச் சபையில் ஒரு பொய் பேசாதவர். அவருக்குச் சாட்சி சம்மன் வந்ததுமே ஊர்க்காரர்கள் அவர் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மூப்பரே, மாவட்டத்தோட மானம் என்று கெஞ்சினார்கள். பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்லமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார்.

முட்டைதான் என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பாரே? அந்த நினைப்போடுதான் லெய்சா புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போனாள். அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது.

"மூப்பரே, என் தம்பி கல்லெறிஞ்சானா?"

"கோர்ட்ல சொல்றேம்மா."

"உங்க வேலிய ஒரு காசு வாங்காம கட்டிக் கொடுத்தவன். மூணு வாரமா உள்ள கிடக்கான்."

"தெரியும்."

"உங்க நாக்கு சுத்தமா இருக்கணும்னு அவன் கல்லுடைக்கணுமா? இனிமே சபையில உங்க ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லமாட்டேன்."

"சொல்லாதே," என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

வியாழக்கிழமை கோர்ட்டில் நிற்க இடமில்லை. மாஜிஸ்திரேட்டுக்கு வெல்ஷ் மொழியில் காலை வணக்கம்கூடத் தெரியாது. மூப்பருக்கு ஆங்கிலம் வராது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து முடித்ததும் கேள்வி வந்தது: கைதி எதையாவது எறிந்தானா?

"முட்டை எறிஞ்சான்," என்றார் மூப்பர். "கல்லை எறிஞ்சது நான்."

மொழிபெயர்ப்பாளன் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "என்ன சொல்கிறார்?" என்று மாஜிஸ்திரேட் இரண்டு தடவை கேட்டார். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரியாத ஒரே மனிதர், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர்தான்.

மூப்பர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. "அந்தப் பொம்பளையோட பசுவை அமீனா கழுத்துல கயித்தப் போட்டு இழுத்தான். என் கை கல்லுக்குப் போயிருச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மூப்பர்ங்கற பேரு போயிரும்னு பயந்தேன். மூணு வாரம் இந்தப் பிள்ளை என் இடத்துல படுத்துக் கிடந்தான்."

லெய்சாவுக்கு முதலில் வந்தது கோபம். மூணு வாரமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அங்கே நின்றவரைப் பார்த்தாள். ஊரே பொய் சொல்லித் தப்பிக்க வழிகாட்டியும், நாற்பது வருஷப் பேரைத் தன் கையாலேயே கீழே போட்டுவிட்டு, நிமிர்ந்து நின்றார். இப்படி ஒரு மனுஷனை அவள் கண்டதில்லை. கண் நிறைந்துவிட்டது.

இத்தெலை விட்டார்கள். மூப்பரைச் செஷன்ஸுக்கு அனுப்பினார்கள். திங்கள்வரை வெளியே இருக்க இரண்டு பேர் ஜாமீன் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட்.

"போச்சு, எட்டாவது போச்சு," என்று ஜெத்ரோ தலையில் கை வைத்துக்கொண்டான். அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கூண்டிலிருந்து இறங்கி வந்த தம்பியையும் தாண்டி, லெய்சா ஜாமீன் பத்திரம் இருந்த மேசைக்குப் போனாள். பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தாள். கையுறைக்காக மூன்று வாரம் அலைந்த அத்தனை பேரும் எழுந்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். ஜெத்ரோவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கடைசியில் நின்றான்.

"வேணாம்மா," என்றார் மூப்பர் மெல்ல. "நீ நேத்து என்னைத் திட்டினது சரிதான்."

"திட்டினதும் சரிதான், இதுவும் சரிதான்," என்றாள் லெய்சா. "பேனாவை மறைக்காம கொஞ்சம் நகருங்க."