வெள்ளிச் செம்பில் சுறாப் புட்டு

நான் பிறந்து ஒழுங்காகக் கண் திறப்பதற்குள் என்னால் ஒரு போலீஸ் கேஸ் வந்துவிட்டது. மயிலாப்பூரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் பிறந்திருக்கிறார்கள். இந்தப் பெருமை அவர்களில் ஒருவருக்காவது உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

வருஷம் முப்பத்து நாலு. எங்கள் வீடு சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. தாத்தா சதாசிவ முதலியார் வக்கீல், பரம்பரைச் சைவம். மீன்கூடையோடு யாராவது தெருமுனையில் போனால்கூட மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்பாவுக்குப் பெல்லாரியில் உத்தியோகம். அம்மா கோமளத்துக்குத் தாயும் இல்லை, பிறந்த வீடும் இல்லை. அதனால் பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடந்தது. அங்கேயும் வேறு பெண்பிள்ளை கிடையாது. மருத்துவச்சி வந்து என்னைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. சமையல்காரர் பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்துப் பார்த்தார், முருங்கைக்கீரை கொடுத்துப் பார்த்தார். பசும்பாலைப் புகட்டினால் நான் அப்படியே கக்கிவிடுவேனாம். முதலில் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதேன். பிறகு அழுகையும் குறைந்துபோயிற்று. அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்துபோனாள்.

குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் குப்பம்மா எங்கள் கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். கொல்லைக் கதவோரம் அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு விசும்புவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, பச்சக் கொயந்தைய வச்சிக்கினு இப்பிடி அழுவுற? பாலு இல்லியா?"

அம்மா தலையாட்டினாள்.

"எங்க ஜனத்துல புள்ள பெத்தவளுக்குப் பால் சுறாப் புட்டுதான் மருந்து. எம் புருசன் ரங்கன் நேத்துதான் குட்டிச் சுறா புடிச்சாந்து கீறாரு. துன்றியா?"

அம்மா காதைப் பொத்திக்கொண்டாளாம். ஆனால் மறுநாளும் நான் துவண்டு கிடந்தேன். அம்மாவே போய்க் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "செத்தாலும் யாரிடமும் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். குப்பம்மாவும் கடல் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தாள்.

அப்புறம் பாத்திரம். மண்சட்டி உள்ளே வரக்கூடாது, பித்தளையும் கூடாது. வெள்ளிக்குத் தீட்டில்லை என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. வெள்ளியில் வந்தால் சுறாவுக்கும் பாவம் கொஞ்சம் குறையும் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். தாத்தா ராத்திரியில் பால் குடிக்கும் மூடி போட்ட வெள்ளிச் செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அடியில் 'ச.மு.' என்று பெயர் வெட்டியிருக்கும். தாத்தா கோர்ட்டுக்குப் போனதும் செம்பு குப்பத்துக்குப் போகும். அவர் திரும்புவதற்குள் புட்டோடு வந்து, கழுவித் துடைத்து அலமாரியில் ஏறிவிடும்.

அந்தப் புட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குப் பாவம் சேரும். சுறாவை வேகவைத்து, மணலாய் நெருடும் தோலைத் தேய்த்து உரித்து, முள்ளெடுத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்து உதிர்ப்பாள். பிறகு நல்லெண்ணெயில் கைநிறையப் பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, மஞ்சளோடு அதைப் போட்டுப் பொலபொலவென்று வரும்வரை கிளறுவாள். இன்றைக்கு ஓட்டல்களில் சுறாப் புட்டு என்று கொண்டுவந்து வைக்கிறார்களே, அதைக் குப்பம்மா பார்த்தால் தட்டோடு தூக்கித் தெருவில் எறிவாள். அம்மா முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பத்து வாய்க்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே தின்றாள். பால் சுரந்தது. நான் பிழைத்தேன்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் கோர்ட்டுக்குத் திடீரென்று விடுமுறை விட்டுவிட்டார்கள். பாதி வழியில் திரும்பி வந்த தாத்தா மோர் கேட்டார், அதுவும் தன் செம்பில். அலமாரி காலி. சமையல்காரர் தனக்குத் தெரியாது என்று கையை விரித்தார். அம்மா பிரசவ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாத்தா போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவர் ஏட்டு கங்காதரன். சிவப்புத் தலைப்பாகை, தடித்த மீசை. அந்தக் காலத்து ஏட்டுக்கு யார் வீட்டு மாடு எப்போது கன்று போட்டது என்பதுகூடத் தெரியும். எங்கள் வட்டாரத்தில் ஏதாவது காணாமல் போனால் அவர் யாரையும் அடிக்க மாட்டார். தெருக்குழாயடியில் நின்று, "எடுத்தவங்க பிள்ளையார் கோயில் படியில வச்சிடுங்க, நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று ஒருதரம் சொல்வார். பொழுது சாய்வதற்குள் பொருள் படியில் இருக்கும். எடுத்தவன் யார் என்று அவரும் கேட்கமாட்டார். ஆனால் அவன் மறுபடி எடுக்கமாட்டான். என்ன போலீஸ் ஐயா அது! இப்போது சொன்னால் கதை என்பார்கள்.

அன்றைக்குக் குழாயடிக்குப் போவதற்கு முன்பே சந்தில் குப்பம்மா எதிரே வந்துவிட்டாள். கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கு விலகி வெள்ளி பளிச்சிட்டது. ஏட்டு செம்பை எடுத்து மூடியைத் திறந்தார். சூடான பூண்டு வாசனை. அவர் வீட்டில் நடந்த பிரசவங்களுக்கெல்லாம் புட்டு கொடுத்தவளே குப்பம்மாதான். அந்தச் சந்தில் தொட்டில் ஆடும் வீடு ஒன்றுதான். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"குப்பம்மா, புட்ட வேற சட்டியில கொட்டிட்டு, செம்பப் பிள்ளையார் கோயில் படியில வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"அது திருடுனவங்க வெக்கிற எடம் ஏட்டையா. நான் வெக்க மாட்டேன்."

"அப்ப யாரு குடுத்தாங்கன்னு சொல்லு."

"அதயும் சொல்ல மாட்டேன். டேசனுக்கு வேணா வரேன்."

திருடி என்று பெயர் வாங்கினால் அவளிடம் ஒரு வீடும் மீன் வாங்காது. அடுப்பு எரியாது. அது தெரிந்தும் அவள் வாக்கை மீறாமல் நின்றாள்.

ஏட்டு அவளை எங்கள் வாசலுக்கு அழைத்து வந்தார். தெரு கூடிவிட்டது. தாத்தா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு செம்பின் அடியைப் பார்த்தார்.

"என்னுடையதுதான். இவளை உள்ளே தள்ளுங்கள்."

"நான் திருடல வக்கீலய்யா" என்றாள் குப்பம்மா.

ஏட்டு தாத்தாவைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டின் உள்பக்கம் பார்த்துக்கொண்டு, பிரசவ அறைவரை கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இந்த அம்மா யாரு குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேங்குது. அடுத்தவங்க மானத்துக்காவ ஜெயிலுக்குப் போறேன்னுது. கூட்டிக்கினு போறேன் ஐயா."

குப்பம்மா அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை வாசல் பக்கம் வரக்கூடாது. என் அம்மா வந்தாள். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அவிழ்ந்த தலையோடு தெருவாசலில் வந்து நின்றாள்.

"செம்பைக் கொடுத்தது நான்தான், மாமா. உள்ளே இருப்பது சுறாப் புட்டு. அதைத் தின்றுதான் இந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன்."

தாத்தா அம்மாவைப் பார்த்தார், கன்னம் உப்பித் தூங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு குப்பம்மாவிடம் கேட்டார்: "இதை நீ ஏன் முன்னமே சொல்லவில்லை?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். உங்க கோர்ட்டுல நிக்க வச்சிக் கேட்டாலும் இதேதான்."

சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கும் சாட்சிகளையே ஆயுசு முழுக்கக் கோர்ட்டில் பார்த்தவர் தாத்தா. மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

"இனிமேல் கொல்லைப்புறமாக வராதே. வாசல் வழியாகவே கொண்டுவா" என்றார்.

"வரேன். ஆனா எஞ் சட்டியிலதான் கொண்டாருவேன். வெள்ளி வாணாம்."

தாத்தா ஏட்டைப் பார்த்தார். ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு டிராம் வருகிறதா என்று பார்ப்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, தெருவே நின்று பார்க்க, கரி படிந்த மண்சட்டியோடு குப்பம்மா எங்கள் வாசற்படி ஏறினாள். தாத்தா எழுந்து வழிவிட்டார்.