கஞ்சி போட்ட நாற்பது துண்டுகள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அந்தக் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். ஒரு கறுப்புக் காரும் நாற்பது துண்டும் சேர்ந்து ஒரு நல்ல பெண்ணை எப்படிப் பாடாய்ப் படுத்தின என்று இன்றைக்குச் சொல்கிறேன். கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

பெலிண்டா அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கார் கழுவிப் பளபளப்பாக்கும் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு அப்போது நாலு மாதம்தான் வயது. அவளுடைய மூலதனம் நாற்பது மைக்ரோஃபைபர் துண்டுகள். இணையத்தில் வாங்கியவை, மிக மலிவு. "விலை ஒசந்த துண்டு எதுக்கு? நிறைய வச்சுக்கணும், சுத்தமா வச்சுக்கணும், அடிக்கடி மடிப்பைத் திருப்பணும், அவ்வளவுதான்" என்பாள். நீலம் காரின் உடம்புக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சாம்பல் சக்கரத்துக்கு. நீலத் துண்டு ஒன்று தரையில் விழுந்துவிட்டால் போச்சு, அன்றோடு அது சக்கரத்துக்குத்தான். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைக்கூட வாங்கிய அன்றே கத்தரித்து எறிந்துவிடுவாள். அந்தச் சின்னப் பட்டை போதும், காரில் கோடு போட.

அவளிடம் இரண்டாவது முறையாகத் தேடி வந்த முதல் ஆள் ஸ்ரீரங்கத்து பீமராவ். வங்கி அதிகாரி. அவர் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆளும் அவர்தான். வாங்கிய புதிதில் அந்தக் கறுப்புக் காரை ரோட்டோரம் யாரிடமோ கழுவக் கொடுத்திருக்கிறார். ஒரே வாளி, ஒரே பழந்துணி. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல். மனிதர் அழாத குறை. பெலிண்டாதான் இரண்டு நாள் பாலிஷ் போட்டு அதைப் போக்கிக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்குக் காரைக் கொண்டுவந்து விட்டார்.

"மேடம், இன்னைக்கு சாயங்காலம் தங்கச்சி தேவதர்ஷினிக்கு ரிசப்ஷன். பொண்ணு இந்தக் கார்லதான் மண்டபத்துல இறங்குது. மூணு மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டு வருவேன்."

"ரெடியா இருக்கும் சார்."

"ஒரு கீறல் இருக்கக் கூடாது. மறுபடி பழைய மாதிரி ஆச்சுன்னா இனிமே யார் கையிலயும் குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"போயிட்டு வாங்க சார்" என்று சிரித்து அனுப்பினாள். திரும்பி வந்த முதல் ஆள். இவர் போய்விட்டால் நாலு மாத உழைப்பும் போன மாதிரி என்பது அவளுக்குத் தெரியும்.

சவரிநாதன் அவள் கணவன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், சனிக்கிழமையில் கடைக்கு வந்து தண்ணீர்க் குழாயைப் பிடிப்பார். இரண்டு பேருமாக நுரை போட்டு, அலசி, காரைச் சொட்டச் சொட்ட நிறுத்தினார்கள். இனித் துடைக்க வேண்டும். பெலிண்டா வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்தாள்.

உள்ளே செய்தித்தாளில் பொட்டலம். பொட்டலத்தில் நிறம் நிறமாக அடுக்கிய துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடித்து, மடிப்பு நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. ஒன்றை எடுத்து உதறினாள். விரியவில்லை. அப்பளம் போல அப்படியே நின்றது.

"என்னங்க இது?"

சவரிநாதன் தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று. "அக்கா" என்றார்.

அவருடைய அக்கா லூர்துராணி. முப்பத்தொரு வருடம் ஒரு கோயிலில் பீடத்துணி துவைத்தவள். ஃபாதர் பூசை வைக்கும் பீடத்தில் விரிக்கிற துணி, கை துடைக்கிற துணி, அங்கி எல்லாம் அவள் கையால்தான். ஓய்வு பெற்று, காட்டூரில் தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சும்மா இருந்த பழக்கம் அவளுக்கு இல்லை. முந்தின நாள் பெலிண்டா துண்டுகளை நிறம் பிரித்து வாளிகளில் ஊறப் போட்டுவிட்டு மளிகைக்குப் போயிருக்கிறாள். லூர்துராணி பார்த்தாள். மனசு கேட்கவில்லை. பாவம் இந்தப் பெண், எவ்வளவு துணி என்று எல்லாவற்றையும் துவைத்து, ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிப் போட்டு, காயவைத்து, இஸ்திரியும் போட்டு, பொட்டலம் கட்டி, துவைத்தாயிற்று என்று மட்டும் சொல்லி, கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் வண்டியில் வைத்துவிட்டாள்.

பெலிண்டா போனை எடுத்தாள்.

"அண்ணி, துண்டுல என்ன பண்ணீங்க?"

"பாத்துட்டியா? எப்புடி இருக்கு?" லூர்துராணியின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "பாவம், சொதசொதன்னு கெடந்துச்சு. கொஞ்சம் கஞ்சி போட்டேன். இனிமே ஒரு மாசத்துக்கு நிமிந்து நிக்கும்."

"நிமிந்து நிக்குது அண்ணி! நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், நிமிந்து நிக்குது! இத வச்சுக் கார எப்படி அண்ணி தொடைக்கிறது?"

"ஏன், சுத்தமாத்தானே இருக்கு?"

பெலிண்டா போனைக் கணவன் கையில் திணித்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அக்காகிட்ட நீங்களே பேசுங்க. என்னால ஆகாது."

"நீ ஊற வச்சுட்டு அப்படியே போனா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஆமாங்க. தப்பு என்மேலதான். வாளியில பேரு எழுதி வைக்காம போயிட்டேன்."

ஒரு பழைய சிடியை எடுத்து ஒரு துண்டால் நாலு தேய் தேய்த்துக் காட்டினாள். பளபளப்பில் முடி முடியாய்க் கோடு. இஸ்திரியின் சூட்டில் நூல் உருகி முனை கடினமாகிவிட்டது. சிடிக்கு நடந்தது காருக்கும் நடக்கும். துடைக்காமல் விடவும் முடியாது. போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். புதிதாக வாங்கி வந்தாலும் ஒரு தரம் துவைக்காமல் கறுப்புக் காரில் வைக்கக் கூடாது, நூல் உதிரும். மணி பன்னிரண்டு.

அரை மணியில் லூர்துராணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். சிடியைக் காட்டினார்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கறுப்பு கலரு கண்ணு மாதிரி அண்ணி" என்றாள் பெலிண்டா. கத்தத்தான் நினைத்தாள், அந்த முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஒரு தூசி தாங்காது. அவரு மூணு மணிக்கு வந்துடுவாரு."

லூர்துராணி அடுக்கைப் பிரித்தாள். சாம்பலைத் தள்ளினாள், மஞ்சளைத் தள்ளினாள், நீலத்தில் மேலே இருந்ததைத் தள்ளினாள். "இதெல்லாம் அயன் பண்ணது. இந்த அடியில இருக்குற பன்னெண்டும் அயன் பண்ணல."

"ஏன்?"

"கரண்டு போயிடுச்சு. கையாலயே நீவி மடிச்சு வச்சேன்."

பெலிண்டா வாழ்க்கையில் முதல் முறையாக மின்வெட்டுக்கு நன்றி சொன்னாள். "சாம்பல் துண்டோட இதச் சேத்துத் தொவச்சீங்களா?"

"கலரக் கலந்து தொவைக்க நான் என்ன புதுசா?" என்றாள் லூர்துராணி, அந்த நிலைமையிலும் கோபமாக. "கஞ்சி ஏத்தத் தெரிஞ்சவளுக்கு எறக்கத் தெரியாதா? வெந்நி கொண்டாங்க."

பக்கத்து டீக்கடையில் அண்டாவில் தண்ணீர் சூடாக்கி வாங்கினார்கள். கை பொறுக்கும் சூட்டில் பன்னிரண்டையும் முக்கி, கசக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தாள். தண்ணீர் வழவழவென்று வெளுத்தது. கொட்டினாள். மறுபடி வெந்நீர். அந்தப் பக்கம் பெலிண்டா காரைக் காயவிடாமல் கொட்டகை நிழலில் உப்பில்லாத கேன் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். கேன் ஒன்று காலி. இரண்டு காலி. வெயில் காலத்துச் செடிக்குத் தண்ணீர் விடுவது போலக் காருக்குத் தண்ணீர் விடும் தலையெழுத்தை எண்ணி எண்ணி அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

நாலாவது அலசலில் லூர்துராணி ஒரு துண்டைப் பிழிந்து கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "போயிடுச்சு."

"இரு அக்கா, கன்னத்துக்கு என்ன தெரியும்?" என்றார் சவரிநாதன். முதலுதவிப் பெட்டியிலிருந்து டிங்சர் அயோடின் புட்டியை எடுத்து, பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் மை போல நீலமாகிவிட்டது. "பாத்தியா? மாவு இருந்தா டிங்சர் நீலமாகும். ஒன்பதாங் கிளாஸ் பசங்களுக்கு வருஷா வருஷம் செஞ்சு காட்டுறேன்."

"முப்பத்தொரு வருஷம் இந்தக் கன்னந்தான்டா பாத்துச்சு."

"அது கஞ்சி இருக்கான்னு பாத்துச்சு. இல்லையான்னு பாத்துச்சா?"

"ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்களேன்!" என்று பெலிண்டா காருக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "மணி ஒன்னே முக்கால்!"

ஐந்தாவது அலசல், வெளிர் நீலம். ஆறாவது, இன்னும் கொஞ்சம் நீலம். லூர்துராணி தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏழாவதாக அலசினாள். டிங்சர் பழுப்பாகவே நின்றது. கன்னத்தில் வைத்தாள், தலையாட்டினாள். ஒன்றை இன்னொரு சிடியில் தேய்த்தார்கள். கோடு இல்லை. இறுக்கிப் பிழிந்து, டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஆளுக்கொன்றாகப் பிடித்துக் காயவைத்தார்கள். முழுக்கக் காய நேரமில்லை. லேசான ஈரமே நல்லது என்று பெலிண்டா எடுத்துக்கொண்டாள்.

தேய்க்கவில்லை. துண்டை விரித்து மேலே படுக்கவைத்து, மெதுவாக இழுத்து, திருப்பி, அடுத்தது. பன்னிரண்டு துண்டில் ஒரு முழுக் கார். ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்த சவரிநாதனைப் பெலிண்டா பார்த்த பார்வையில் அவர் அதைச் சக்கரத்து வாளியில் போட்டார். பதினொன்று. மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கதவு முடிந்தது.

பீமராவ் அம்மாவோடு வந்தார். அழகம்மாள் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, காரைப் பார்த்தபடி நின்றாள். பீமராவ் கைப்பேசி விளக்கைப் போட்டு பானட்டை ஒரு சாண் விடாமல் பார்த்தார். கதவைப் பார்த்தார். கூரையை எம்பிப் பார்த்தார். பெலிண்டா மூச்சை எங்கோ வைத்துவிட்டாள்.

"மேடம்" என்றார் கடைசியில். "ஒன்னுமே இல்ல!"

அந்த நேரத்தில்தான் அழகம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். மகன் காருக்குப் பொட்டு வைக்க வேண்டாமா? பானட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். கொஞ்சம் குங்குமம் உதிர்ந்தது. முந்தானையை எடுத்துத் துடைக்கக் கையை நீட்டினாள். ஜரிகை முந்தானை. பெலிண்டா எட்டிப் பிடிப்பதற்குள் ஒரு குரல் முந்திக்கொண்டது.

"அக்கா! நில்லுங்க!"

லூர்துராணி பாய்ந்து வந்து அழகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, எம்புள்ள காரு. நான் தொடைக்கக் கூடாதா?"

"தாராளமா தொடைங்கக்கா. ஆனா இதால தொடைங்க." ஒரு நீலத் துண்டை அவள் கையில் வைத்தாள். "முந்தானையில இருக்குறது ஜரிகை, கம்பிதானே அது? கறுப்பு கலரு கண்ணு மாதிரிக்கா. ஒரு தூசி தாங்காது. அழுத்தாதீங்க. இப்படிப் படுக்க வச்சு மெதுவா இழுக்கணும். யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க."

பெலிண்டா கணவனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

அழகம்மாள் துண்டைப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தாள். "அட, பூன முதுகாட்டம் இருக்கே" என்றாள். கார் ஒரு கீறல் இல்லாமல் ஸ்ரீரங்கம் போனது. அடுத்த மாதமும் அது இங்கேதான் வரும் என்று பீமராவ் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்றால் பெலிண்டா நிம்மதியாக இருந்திருப்பாள். முடியவில்லையே. இப்போது காட்டூர் வீட்டில் துண்டுகளுக்கென்று தனி வாளி, தனி சோப்பு, தனிக் கொடி. சவரிநாதனின் பனியன் அந்தக் கொடிக்கு ஒரு முழம் பக்கத்தில் காய்ந்தாலும் லூர்துராணி தூக்கி எறிகிறாள். சாயங்காலம் பெலிண்டா கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே துண்டுகளை எண்ணி வாங்கி ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். "இது ஏன் சொரசொரங்குது? கீழ போட்டியா? உண்மையச் சொல்லு." பெலிண்டா சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, மணியாயிற்று, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற துணியெல்லாம் கன்னத்தில் வைத்தால் மெத்தென்று இருக்கட்டும். வாசலில் வந்து நிற்கும் வண்டி நல்ல சேதியையே ஏற்றி வரட்டும். கேட்காமல் உதவி செய்கிறவர்கள் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அவர்களைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமையும் உங்களுக்குக் குறையாமல் இருக்கட்டும்.